அடைசல் என்பது யாருடைய பொருள்?

மே மாதக் கடைசி வாரத்தில் திண்டுக்கல் கடைவீதியில் நோட்டுக் கடையிலும் ஷூ கடையிலும் நிற்பவர்களைப் பாருங்கள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பட்டியலோடு நிற்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். கோடு போட்ட நோட்டு எத்தனை, போடாதது எத்தனை, போன வருஷச் சீருடையின் மடிப்பைப் பிரித்துவிட்டால் இன்னும் ஆறு மாதம் தாங்குமா என்ற கணக்கெல்லாம் அவர்கள் தலைக்குள்தான் ஓடுகிறது.

அதே வாரத்தில் பத்திரிகைகளின் பெண்கள் பக்கமும் விழித்துக்கொள்ளும். "பள்ளி திறக்கப்போகிறது, வீட்டை ஒழுங்குபடுத்துங்கள், வேண்டாததைக் கழித்துவிடுங்கள்" என்று அறிவுரை வரும். 'ஒழுங்குபடுத்துங்கள்' என்பது இலக்கணப்படி பன்மை ஏவல். வீட்டில் அதைக் கேட்டு எழுந்திருப்பது ஒருத்திதான்.

கழிப்பது யார் என்பதோடு, கழிக்கப்படுவது யாருடையது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிய காலத்தில் எனக்கென்று ஒரு மேசை இருந்தது. மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஜூனில் அது அவளுடையதானது. அதில் வருத்தமில்லை. என் குறிப்புகளும் நோட்டுகளும் பரணுக்கு ஏறின. அடுத்த ஜூனில் பரணிலும் இடம் போதவில்லை. விடைத்தாள் திருத்திவிட்டு ஒருநாள் மாலை வீடு திரும்பியபோது பழைய பேப்பர்க்காரர் வந்து போயிருந்தார். என்னுடைய மூன்று கவிதை நோட்டுகள் எடைக்குப் போயிருந்தன.

"அடைசலாக் கெடந்துச்சும்மா. பிள்ளைக்குப் புஸ்தகம் வைக்க எடம் வேணாமா?" என்றார் அத்தை.

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, என் பீரோவுக்கு இடம்விடுவதற்காகத் தன் டிரங்குப் பெட்டியைப் போட்டுவிட்டவர் அவர். அதே பரணில் கணவரின் கல்லூரிக் காலத்துக் கிரிக்கெட் மட்டையும் பாடாத டேப் ரெக்கார்டரும் இருந்தன. இன்றும் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் ஞாபகார்த்தம். பெண்ணுடையது என்றால் அடைசல்.

இது என் வீட்டுக் கதை மட்டும்தானா? ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடுகிறவர்கள் அதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கணக்கிட்டது. 2019இல் நாளொன்றுக்குப் பெண் 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். 2024இல் பெண் 289, ஆண் 88. ஐந்து வருஷத்தில் நமக்குப் பத்து நிமிடம் குறைந்ததென்று மகிழ்வதற்குள், அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. அந்த ஆய்வு ஒரு நாளை அரை மணி நேரக் கட்டங்களாகப் பிரித்துக் கேட்கிறது. ஷூ பாலிஷ் தீர்ந்துவிட்டதை இட்லி ஊற்றும்போது நினைத்துக்கொள்வது எந்தக் கட்டத்தில் விழும்?

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் பெண்ணிடம் பொருளைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். ஒற்றை அறை வீடு. சீருடை கொடியில் தொங்குகிறது, புத்தகப் பை ஆணியில் தொங்குகிறது. கழிக்க அவளிடம் என்ன இருக்கிறது? அவளிடம் மிகுந்திருப்பது வேலை. அதைக் குறைக்கும் யோசனை எந்தப் பெண்கள் பக்கத்திலும் வருவதில்லை.

வேலையும் சுமையும் குறைந்த சந்தர்ப்பங்கள் இல்லாமலில்லை. 2012-13இல் தமிழ்நாட்டில் முப்பருவ முறை வந்தபோது பாடநூலையே பருவவாரியாகப் பிரித்தார்கள், புத்தகப் பை இலேசானது. பையை நன்றாக அடுக்கு என்று அம்மாவுக்குப் பாடம் நடத்தி அது நடக்கவில்லை. சுமையை உண்டாக்கிய இடத்திலேயே குறைத்தார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் எத்தனையோ அடுப்படிகளின் காலைப் பரபரப்பைக் குறைத்தது. அங்கேயும் சமைப்பவர்கள் சுயஉதவிக்குழுப் பெண்களே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2023இல் வந்த மகளிர் உரிமைத் தொகை, வீட்டில் பெண் செய்வது உழைப்புத்தான் என்று ஏற்றுக்கொண்டது. அரசு ஒப்புக்கொண்டதை வீடு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நம் ஊர் பூட்டுக்குப் பேர்போனது. 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாவிக்கொத்தை இடுப்பில் செருகியவள்தான் வீட்டுக்கு அரசி என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். வீட்டையெல்லாம் பூட்டித் திறக்கும் அரசிக்கு, தன்னுடையதை வைத்துப் பூட்ட ஒரு தட்டு உண்டா?

ஆகவே அடுத்த ஜூனுக்கு என் பரிந்துரை இது. வீட்டை ஒழிப்பதற்கு முன்னால், எது யாருடையது என்று பட்டியல் எழுதுங்கள். வெளியே போகிறவற்றில் பாதிக்கு மேல் அம்மாவுடையதாக இருந்தால் வேலையை நிறுத்துங்கள். ஷூ கடைக்கு அப்பா போகட்டும், பிள்ளையின் கால் அளவு அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை தன் பையைத் தானே அடுக்கட்டும். ஆண்பிள்ளைக்கும் இது பொருந்தும். இதைப் படிக்கும் மாணவிகள் இன்று வீட்டுக்குப் போய், "உன் பொருளெல்லாம் எங்கேம்மா இருக்கு?" என்று அம்மாவிடம் கேளுங்கள். பலருக்குப் பதில் சொல்லவே நேரம் பிடிக்கும்.

நான் ஒரு தட்டுக்குக் கதவு போட்டுத் திண்டுக்கல் பூட்டே பூட்டியிருக்கிறேன். உள்ளே நான்கு நோட்டுகள் இருக்கின்றன. இளையவனின் புத்தகங்களுக்கு அட்டை போடுவது இந்த வருஷம் அவன் அப்பாவின் வேலையானது. கோணல்மாணலாகத்தான் போட்டார். கை பரபரத்தது. பிரித்து மறுபடி போட்டுவிடாமல் அன்றிரவு நான் எழுத உட்கார்ந்தேன்.