தகடும் தராதரப் பத்திரமும்

விழா எடுக்குங் காலத்து ஒரு கல்லூரி தன் மக்களை எண்ணிப் பெருமையடைதல் இயல்பு. வைத்தியர் எத்துணையர், பொறியியலாளர் எத்துணையர், சட்டத்தரணிகள் எத்துணையர் என்று கணக்கெடுத்து மலரிற் பொறித்து மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆயினும், அக்கணக்கில் இடம்பெறாத ஓர் அறையைப் பற்றிச் சில கூற விரும்புகின்றேன். அது கைப்பணிக்கூடம். தகட்டை வெட்டியும் மடித்தும் தட்டியும் பொருளாக்கக் கற்கும் இடம் அது. உடைந்த வாங்குகளை அடுக்கிவைக்கும் களஞ்சியமாக அவ்வறை மாறிப்போன பாடசாலைகளை நாம் கண்டிருக்கின்றோம்.

தகட்டு வேலை சிறு தொழில், அதிற் கற்க என்ன உண்டு என்று வினவுவார்க்கு ஒரு புனலை எடுத்துக் காட்டுவேன். வாயின் விட்டம் 10 சென்ரிமீற்றரும் சாய்வு நீளம் 15 சென்ரிமீற்றரும் உடைய கூம்பொன்றைத் தட்டையான தகட்டிலிருந்து ஆக்க வேண்டும். 15 சென்ரிமீற்றர் ஆரையுடைய வட்டத்தில் 120 பாகை கொண்ட ஆரைச்சிறையை வெட்டியெடுத்து வளைத்தால் அக்கூம்பு பிறக்கும். வாயின் ஆரை 5, சாய்வு 15. ஆகவே முழு வட்டத்தின் மூன்றிலொரு பங்கு போதும். நுனியைச் சிறிது நீக்கிக் குழலைப் பொருத்தினாற் புனலாகும். கேத்திரகணிதப் புத்தகத்தில் உறங்கிக் கிடக்கும் ஆரைச்சிறை இங்கே கையில் எழுந்து நிற்கின்றது.

யான் மாணவனாயிருந்தபோது முதன்முதல் வெட்டிய தகடு இக்கணக்கிற் பிழையற்றது. ஆயினும் புனல் பிழைத்தது. இரு விளிம்புகளையும் ஒன்றிலொன்று கொளுவி மடித்துப் பூட்டுவதற்கு, மடிப்பின் அகலத்தைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு தகடு மேலதிகமாக விடுதல் வேண்டும். அதனை மறந்தேன், கூம்பு குறுகிற்று, குழல் பொருந்தவில்லை. ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை. அதனை என் கையிலே தந்து, "தண்ணீர் வார்த்துப் பாரும் தம்பி" என்றார். வார்த்தேன், காற்சட்டை நனைந்தது. கொப்பியில் எழுதிய விடைக்காக ஆசிரியரோடு வாதாடி ஓரிரு புள்ளிகளைப் பெற்றுவிடலாம். தகட்டோடு வாதாடிப் பெறுவது ஒன்றுமில்லை. தன் பிழையைத் தானே கண்டு, சாக்குச் சொல்லாது மீண்டும் தொடங்கும் பண்பை எனக்கு முதலிற் கற்பித்தது அப்புனலே.

செப்புத் தகட்டைக் குழிந்த மரக்கட்டையில் வைத்துக் கொட்டாப்புளியாற் தட்டிக் கிண்ணமாக்கும் மாணவன் வேறொன்றையும் கற்கின்றான். தட்டத் தட்டச் செம்பு இறுகி வளைய மறுக்கும். அப்போதும் தட்டினால் வெடிக்கும். மங்கிய செந்நிறம் தோன்றும்வரை அதனைச் சூடேற்றினால் மீண்டும் இளகும். கரியளவு மிக்க உருக்கைச் செஞ்சூட்டிலிருந்து நீரில் அமிழ்த்தினால் அது கடினமாகும். செம்பையோ நீரில் அமிழ்த்தினாலும் மென்மையாகவே இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்த இயல்புண்டு, அதனை அறியாது வலிமை காட்டுதல் வீண் என்பதை இதனினும் தெளிவாய் எப்பாடம் உணர்த்தும்?

இத்தகைய கல்வி எம்மிடையே ஏன் வேரூன்றவில்லை? பணமின்மை ஒரு காரணமே. மனமின்மை பெருங் காரணம். எம் ஆலயங்களிலே மூர்த்திக்குச் சாத்தும் கவசம், மெல்லிய தகட்டை அரக்கின்மேற் பதித்துச் சிற்றுளியாலும் சுத்தியலாலும் தட்டி எழுப்பியது. அக்கவசத்தின் முன் கைகூப்பி நிற்கின்றோம். அதனைச் செய்த கையையோ பிறப்பைச் சொல்லி ஒருபுறம் ஒதுக்கி வைத்தோம். எம் பிள்ளை அச்சுத்தியலைப் பிடித்தல் இழிவென்றும் எண்ணினோம். சைவமும் தமிழும் வளர்க்க எழுந்த கல்லூரிக்கு இம்முரண்பாடு அழகன்று.

கல்வி அமைப்பும் இவ்வெண்ணத்திற்குத் துணைபோயிற்று. 1866இல் பின்லாந்து நாட்டிலே, ஊனோ சிக்னேயசு என்பாரின் முயற்சியாற் கைப்பணி பொதுப்பாடசாலையின் கட்டாய பாடமாயிற்று. அஃது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக வகுக்கப்பட்டது. 1937இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை எல்லார்க்கும் பொதுவாக்கிற்று. எம் நாட்டிலோ, கன்னங்கரா அவர்களைத் தலைவராகக் கொண்ட விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கை, இலவசக் கல்விக்கு வழிகோலிய பெருமைக்குரியதாயினும், மாணவரைத் தெரிந்து பிரித்துச் செயன்முறைப் பாடசாலையை ஒரு தனி வகையாக்கக் கருதிற்று. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களை யாவர்க்கும் பொதுவாக்கிற்று; 1977இன் ஆட்சி மாற்றத்தின் பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2013இல் உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு தோன்றியது வரவேற்கத் தக்கதே. ஆனாற் பதினாறு வயதுவரை கத்தரியும் அரமும் பிடித்தறியாத மாணவன் அப்பிரிவைத் தேர்ந்துகொள்வது விருப்பத்தாலா, பிற வாயில்கள் அடைபட்டமையாலா என்று பெற்றோர் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

கைப்பழக்கத்தின் மதிப்பை நாம் அறியாதவரல்லர். 1990ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் எம் குடாநாடு மின்சாரமும் எரிபொருளுமின்றித் தவித்தபோது, ஜாம் போத்தலிற் பஞ்சை வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெயில் எரியும் விளக்கைச் செய்தவர் யார்? துவிச்சக்கரவண்டித் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்க வழி கண்டவர் யார்? பெற்றோலுக்கென அமைந்த மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தவர் யார்? கருவிகளைக் கையாளத் தெரிந்தவரே. அவ்விளக்கொளியிற் படித்துப் பட்டம் பெற்றோர் பலர் இம்மலரைப் படிப்பர். அவ்விளக்கைச் செய்த கையை அவர்கள் மறத்தல் ஆகாது.

இயந்திரமும் கணினியும் தகட்டை வெட்டி மடிக்கும் இக்காலத்தில் கொட்டாப்புளி எதற்கு என்பார் உளர். இயந்திரத்திற்கு அளவு சொல்பவன் மனிதனே. வளைவில் தகடு எவ்வளவை உண்ணும், எங்கே கிழியும் என்பதைக் கையால் உணர்ந்தவனே பிழையற்ற அளவைச் சொல்வான். பரீட்சைக்கு நேரம் போதாது என்பார்க்கு, வாரத்தில் இரு பாடவேளை எவர் சித்தியையும் கெடுத்ததில்லை என்பேன். விரல் வெட்டுப்படும் என்று அஞ்சுவார்க்கு, கையுறை அணிதலும் விளிம்பின் பிசிறை அராவி நீக்குதலுமே முதற்பாடம் என்பேன். உணவுப் பாத்திரத்திற்கு ஈயங் கலந்த பற்றாசு ஆகாதென்பதும் அப்பாடத்துட் சேரும்.

எனவே பழைய மாணவர்க்கு என் விண்ணப்பம் இது. விழா நினைவாக வாயில் வளைவொன்றை எழுப்பும் எண்ணம் எங்கேனும் இருப்பின், அப்பணத்தை இவ்வறைக்கு முதலில் அளியுங்கள். இருபது மாணவர் நின்று வேலை செய்யக்கூடிய மேசைகள், தகடு வெட்டும் கத்தரிகள், கொட்டாப்புளிகள், சிறு பட்டடைகள் சில, நாகம் பூசிய தகடு சிறிது. தொடங்குவதற்கு இவை போதும். அயலூர்க் கன்னாரையும் தகரவேலை வல்லாரையும் தக்க வேதனத்தோடு அழைத்து, ஆசிரியர்க்குரிய ஆசனத்தில் இருத்துங்கள். ஆறாந் தரத்திலிருந்து ஒன்பதாந் தரம்வரை, வகுப்பில் முதலாம் பிள்ளை உட்பட, ஒவ்வொரு மாணவனும் தன் கையால் ஒரு பொருளையேனும் செய்து வீட்டுக்குக் கொண்டுசெல்லட்டும்.

தராதரப் பத்திரத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகின்றோம், அது நன்றே. அதனருகில், மகன் செய்த ஒழுகாத புனல் ஒன்று அடுக்களையிற் பயன்படுமாயின், அதனைக் கண்டு தாய் கொள்ளும் மகிழ்ச்சியும் கல்லூரியின் பெருமைக் கணக்கிற் சேரவேண்டியதே. வாழ்க கல்லூரி அன்னை!