இலக்கங்கள் யாவும் எண்களல்ல

இலக்கங்களால் எழுதப்பட்டவை யாவும் எண்களாகிவிடா. கூட்டவும் கழிக்கவும் இடந்தருவதே எண். ஒருவரையோ ஒன்றையோ சுட்டி நிற்பது, இலக்கங்களால் ஆயதாயினும், பெயரேயாகும். யாழ்ப்பாணத்துத் தொலைபேசிகளுக்குரிய 021 என்னுங் குறியீடு இலக்கணகாரர் கூறும் இடுகுறிப் பெயரை ஒத்தது. இரண்டு தொலைபேசி இலக்கங்களைக் கூட்டிப் பயன் கண்டவர் எவருமிலர். இவ்வெளிய உண்மையை விரிதாள் மென்பொருளை ஆக்கியோர் நெடுங்காலமாகப் புறக்கணித்து வந்துள்ளனர்.

காற்புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட எழுத்துக் கோப்பொன்றைத் திறக்கும்போது, எக்செல் இயல்பாகவே எண்போலத் தோன்றுவதை எண்ணாகவும் திகதிபோலத் தோன்றுவதைத் திகதியாகவும் மாற்றிவிடுகின்றது. 021 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கம் முதற் பூச்சியத்தை இழக்கின்றது. ஒழுங்கையொன்றின் 12/3 ஆம் இலக்க வீடு ஒரு திகதியாகிவிடுகின்றது.

வீட்டிலக்கம் பிழைத்தால் கடிதம் திரும்பி வரும். அடையாள அட்டை இலக்கம் பிழைத்தால் உரிமையே பறிபோகும். இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கங்களையும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தையும் கொண்டது. அவ்வெழுத்தே அதற்குக் காவல். எழுத்து இருப்பதால் மென்பொருள் அதனை எண்ணெனக் கருதுவதில்லை. 2016 ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுவதோ எழுத்தின்றிப் பன்னிரண்டு இலக்கங்களால் ஆயது. முதல் நான்கும் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கும். பெண்களாயின் அந்நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். இந்நீண்ட தொடரை எக்செல் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டுகின்றது. அந்நிலையில் மீண்டும் எழுத்துக் கோப்பாகச் சேமிக்கப்படின், முதல் ஆறு இலக்கங்களின் அளவே எஞ்சும், ஏனையவை அழிந்தொழியும். அடுத்தடுத்த சில நாட்களிற் பிறந்த ஒரே பாலார் பலரும் ஒரே இலக்கத்தினர் ஆகிவிடுவர். நிவாரணப் பட்டியலொன்றில் இது நேரின், உரியவர் தம்மை எங்ஙனம் நிலைநாட்டுவர்?

இது சிறு அலுவலகங்களின் அறியாமையால் விளைவதன்று. மார்ச் 1, செப்ற் 1 என வழங்கிய மரபணுப் பெயர்களையும் எக்செல் திகதிகளாக்கியது. எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கில் இத்தகைய பிழைகள் உள்ளன என 2016 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஈற்றில், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு அப்பெயர்களையே மாற்றியமைத்து, 2020 இல் வெளியிட்ட நெறிமுறைகளில் அதனை எடுத்துரைத்தது. கருவிக்காக அறிவியல் தன் சொற்களைக் கைவிட்ட அவலம் இது.

பெரும்பாலோருக்குக் கணக்கிடுதலே வேண்டும், ஆதலால் தன்னியக்க மாற்றம் வசதியே என்று வாதிடுவோர் உளர். அவர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். எழுத்தாக இருப்பதை எப்போது வேண்டுமாயினும் எண்ணாக்கலாம். இழந்த பூச்சியத்தையோ அழிந்த இலக்கங்களையோ அக்கோப்பிலிருந்து மீட்டல் இயலாது. எண்ணாக வேண்டியது எழுத்தாக நின்றால் கூட்டுத்தொகை பிழைத்து உடனே தவறு வெளிப்படும். எழுத்தாக நிற்கவேண்டியது எண்ணானால் அத்தவறு ஓசையின்றி உறையும். திருத்தத்தக்க தவற்றைத் தவிர்க்கத் திருத்தவொண்ணாத தவற்றை ஏற்பது எவ்வகை நியாயம்?

2023 இல் மைக்ரோசொவ்ற் நிறுவனம் இம்மாற்றங்களிற் சிலவற்றை நிறுத்திவைக்கும் தெரிவொன்றை எக்செலில் வழங்கியது. ஆயினும், மாற்றத்தை நிறுத்தும் பொறுப்பு பயன்படுத்துவோர் தலையிலேயே சுமத்தப்பட்டது. லிப்றே ஒபிஸ் இத்தகைய கோப்பைத் திறக்குமுன் நிரல்களைக் காட்டி, ஒவ்வொன்றும் எழுத்தா எண்ணா திகதியா என வகுக்க இடந்தருகின்றது. வினவுதல் இயலும் என்பதற்கு இதுவே சான்று.

எனவே வேண்டப்படுவது இதுவேயாம்: எழுத்துக் கோப்பிலிருந்து வருவது எழுத்தாகவே கலத்தில் அமைதல் வேண்டும், மாற்றம் மனிதரின் ஆணையின் பின்னரே நிகழ்தல் வேண்டும். அதுவரை, மக்களின் பட்டியல்களைக் கையாளும் அலுவலகங்கள் ஒவ்வொரு நிரலையும் எழுத்தென வகுத்த பின்னரே கோப்பை ஏற்பதை விதியாகக் கொள்ளட்டும்.