மாணாக்கர் கொந்தளிப்பும் ஆற்றுப்படுத்துதலும்

கலாசாலைகளில் கிளர்ச்சி எழும்போதெல்லாம், இஃது இளரத்தத்தின் கொதிப்பென்று கூறிப் பெரியோர் அமைவர். கொதிப்பு உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் அடுப்பின்றி உலை கொதிப்பதில்லையன்றோ?

1968-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தையே நிலைகுலைத்த மாணாக்கர் எழுச்சியை எடுத்துக்கொள்வோம். பாரிசு நகரின் புறத்தே, ஏழைகளின் குடிசைகள் நெருங்கிய நான்டேர் என்னுமிடத்தில் 1964-இல் திறக்கப்பட்ட கலாசாலையிலேயே அது முளைத்தது. 1960-இல் ஏறத்தாழ 2 இலட்சமாயிருந்த அந்நாட்டுப் பல்கலைக்கழக மாணாக்கர் தொகை, 1968-இல் 5 இலட்சமாய்ப் பெருகியிருந்தது. விரிவுரை மண்டபங்கள் நிரம்பி வழிந்தன. பட்டம் பெற்றபின் வேலை கிட்டுமோ என்னும் ஐயம் ஒருபுறம். மாணாக்கியர் விடுதிக்குள் ஆடவர் புகலாகாதென்ற விதியைப் பற்றிய பூசல் மற்றொருபுறம். வியட்நாம் போரின்மேல் எழுந்த சினம் வேறு.

அவ்வாண்டு ஜனவரியில் அங்கே நீச்சற்குளமொன்றைக் காண இளைஞர் நல அமைச்சர் மிசோஃப் வந்தார். இளைஞரைப் பற்றி அவர் வெளியிட்ட பெரிய அறிக்கையில் ஆண் பெண் உறவின் சிக்கலைக் குறித்து ஒரு சொல்லும் இல்லையே என, தானியேல் கோன்-பெண்டித் என்னும் மாணாக்கர் வினவினார். அத்தகைய தொல்லையிருப்பின் குளத்தில் முழுகும்படி அமைச்சர் விடை பகர்ந்தாராம். நகையாடிச் சொன்னதாகவே இருக்கட்டும், கேட்டவர் நகைக்கவில்லை. போரை எதிர்த்த தோழர் சிலர் சிறைப்பட்டமை கண்டு, மார்ச் 22-இல் மாணாக்கர் நிருவாகக் கட்டடத்துட் புகுந்து அமர்ந்தனர். மே மாதத்தில் பாரிசுத் தெருக்களில் தடையரண்கள் எழுந்தன. தொழிலாளரும் இலட்சக்கணக்காய் வேலைநிறுத்தம் செய்தனர். பல்கலைக்கழக ஆட்சிமன்றங்களில் மாணாக்கருக்கு இடமளிக்கும் சட்டம் நவம்பரிலே பிறந்தது.

மனநல ஆலோசகர் இருந்தால் இவையெல்லாம் நேரா என்பார் உளர். அந்நாட்டில் ஆலோசகர் இல்லாமலில்லை. ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழக மாணாக்கருக்கென மனநல உதவி நிலையமொன்று இருந்தது. 1967 ஜனவரியில் மாணாக்கர் சங்கத் தலைவர்களே அதனை மூடிவிடத் தீர்மானித்தனர்! இளைஞரை அடக்கிவைக்கும் காவற்கருவி அஃது என்பது அவர் குற்றச்சாட்டு. அச்செயல் நமக்கு உடன்பாடன்று. உறக்கமின்றி வருந்தும் ஒருவன் நாடும் கதவை அடைப்பது எவ்வகை விடுதலை? எனினும் அவ்வையம் எங்கிருந்து பிறந்ததென்பதை எண்ணாமலும் இருத்தற்கில்லை.

ஆலோசகர் தொழிலை இக்காலத்தார் ஆற்றுப்படுத்துதல் என்கின்றனர். தமிழ் பயில்வோராகிய நமக்கு இச்சொல் இனிது. சூட்டை ஆற்றுதல் அன்று இதன் பொருள். ஆறு என்பது வழி. ஆற்றுப்படைகளில், பரிசில் பெற்று மீளும் பாணன் தான் நடந்த வழியையே வறிய பாணனுக்குக் காட்டுகிறான். பசித்தவனை அவன் பொறுமையாயிரு என்று சொல்லி அனுப்புவதில்லை. மிசோஃப் செய்ய விரும்பியதோ ஆற்றுதல்.

மாணாக்கர் தற்கொலை பற்றிய வழக்கொன்றில், 2025 ஜூலையில் நம் உச்சநீதிமன்றம், 100 பேருக்குக் குறையாமல் பயிலும் கல்வி நிலையம் ஒவ்வொன்றும் தகுதிபெற்ற ஆலோசகரையோ, உளநூல் வல்லாரையோ, சமூகப் பணியாளரையோ அமர்த்தவேண்டுமெனப் பணித்தது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயின் அவ்வாலோசகர் எவர்க்கு விடை சொல்வார்? ஒருவன் தனித்துரைத்த துயரம், அவன் உயிர்க்கு ஊறு நேருமென்ற அச்சம் எழுந்தாலன்றி, அவ்வறையை விட்டு வெளிவரலாகாது. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் ஆலோசகருக்கு இருக்கையும் வேண்டா. அதே வேளையில், ஒரே விடுதியினின்று நாற்பதுபேர் ஒரே குறையோடு வருவாராயின், பிணி அந்நாற்பதின்மருடையதன்று. பெயர் ஒன்றும் கூறாமல் அக்குறையை மட்டும் முதல்வர்முன் வைக்கும் உரிமை அவர்க்கு எழுத்திலேயே அளிக்கப்படல் வேண்டும். முதல்வரும் ஒரு திங்களுக்குள் அதற்கு விடையிறுத்தல் வேண்டும்.