வகுப்பறை நகலும் விற்பனைத் தொகுப்பும்

மாணவர் கையில் ஒளிநகல் தாள்களைக் கண்டதும் எழுத்துத் திருட்டு என்று கொதித்தெழுவது நம் இலக்கிய வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. (பதிப்புரிமை என்று எழுத வேண்டிய இடத்தில் காப்புரிமை என்றெழுதிக் குழப்புவது இன்னொரு வழக்கம்.) இந்தக் கோபம் தவறான ஆள்மீது பாய்கிறது என்பதே எங்கள் தரப்பு.

2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள், தில்லிப் பொருளியல் பள்ளி வளாகத்திலிருந்த ராமேஷ்வரி ஒளிநகல் கடைமீதும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டம் சுட்டிய நூற்பகுதிகளை நகலெடுத்து, ஒரே கட்டாக்கி மாணவர்க்கு விற்றதே குற்றச்சாட்டு. 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை இயற்கையோ தெய்வமோ தந்த உரிமையன்று என்றது தீர்ப்பு. டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, எத்தனை பக்கம் என்பதல்ல, கற்பித்தலுக்குத் தேவையா என்பதே கேள்வி எனக் கூறி, அதை ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன. நியாயமான முடிவு. நூலகத்தில் ஒரே பிரதி; வகுப்பில் அறுபது பேர்; வேறென்ன செய்வது?

ஆனால் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஆசிரியருக்கும் மாணவருக்கும் தந்த இந்தக் கேடயத்தை இன்று வேறு சிலர் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். கல்லூரிப் பாடத்துக்கென்று சிறுகதைத் தொகுப்பு போடும் தனியார் பதிப்பாளர்களைச் சொல்கிறோம். உயிரோடிருக்கும் எழுத்தாளரின் கதை அவருக்கு ஒரு வரிக் கடிதமும் இன்றி அதில் ஏறிவிடுகிறது. சில வேளை வட்டார வசவுகள் நீக்கப்பட்டு, முடிவும் மாற்றப்பட்டு. கேட்டால், ‘பாடமாக வைத்ததே கௌரவமல்லவா?’ என்கிறார்கள்.

சட்டம் அவ்வளவு தாராளமாக இல்லை. பதிப்பாளர் வெளியிடும் பாடத்தொகுப்பு பெரும்பாலும் உரிமை காலாவதியான எழுத்துகளால் ஆனதாக இருக்க வேண்டும். உரிமையுள்ள ஆக்கங்களிலிருந்து சிறு பகுதிகளையே எடுக்கலாம். ஓர் எழுத்தாளரிடமிருந்து ஒரே பதிப்பாளர் ஐந்தாண்டுகளுக்குள் இரண்டு பகுதிகளுக்குமேல் எடுக்கக் கூடாது. முழுச் சிறுகதை எந்தக் கணக்கில் சிறு பகுதியாகும்? எழுத்தாளர் தம் ஆக்கத்துக்கு உரிமை கோருவதையும், தம் பெயருக்குக் களங்கம் தரும் சிதைவை எதிர்ப்பதையும் 57ஆம் பிரிவு தனியே காக்கிறது. உரிமையை விற்றுவிட்டவருக்கும் இது உண்டு.

பணம் கொடுத்தால் புத்தக விலை ஏறும், ஏழை மாணவர் பாதிக்கப்படுவர் என்று வாதிடும் நண்பர்களுண்டு. தாள் வணிகரிடமும் அச்சகத்தாரிடமும் இந்த ஏழை மாணவரைக் காட்டி எவரும் இலவசம் கேட்பதில்லையே! பாரதியின் எழுத்தைப் பொதுவுடைமையாக்கிய அரசுகூட அவர் குடும்பத்துக்கு ஒரு தொகை அளித்தே அதைச் செய்தது.

பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருப்பவர்களில் எழுத்தாளர்களும் உண்டு. பலர் நம் நண்பர்கள். அடுத்த தொகுப்பு அச்சேறுமுன், அனுமதிக் கடிதங்களின் கோப்பு எங்கே என்று அவர்கள் பதிப்பாளரைக் கேட்கட்டும்.