கடனில் விழுந்தவர் எழும்ப வேண்டும்



2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்தி வைப்பதாக இலங்கை அறிவித்தது. நாடு வங்குரோத்து என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. அதன் பிறகு பேச்சுவார்த்தை தொடங்கியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்குச் சம்மதித்தது. 2024இல் கடன் கொடுத்த நாடுகள் தவணையை நீட்டின. பிணைமுறி வைத்திருந்தவர்கள் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். கடனில் மூழ்கிய நாட்டுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தால்தான் அது மிச்சக் கடனையாவது கட்டும் என்று அநேகமாக எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அது சரியான முடிவு.

அதே நியாயம் தனி மனிதருக்கும் வேண்டும் என்பதே இந்த மாதம் உங்களோடு நான் பேச வந்த விடயம். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. திருகோணமலை நகரை ஒட்டிய அன்புவழிபுரம் போன்ற இடங்களில் நாட்கூலியை நம்பியும், இடியப்பம் அவித்து விற்றும் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்த விலையேற்றம் எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. கையில் இருந்த நகை அடகுக்குப் போனது. அடுத்தது குழுக்கடன்.

குழுக்கடன் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி நடக்கும் என்று தெரியும். கிழமைக்கொரு நாள் யாராவது ஒருவர் வீட்டு விறாந்தையில் பாய் விரிப்பார்கள். பெண்கள் பாஸ் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். உத்தியோகத்தர் பெயர் கூப்பிட, ஒவ்வொருவராக எழும்பிப் போய்க் காசைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். ஒருவரிடம் காசு குறைந்தால் மற்றவர்கள் சேர்ந்து போட வேண்டும். அது சேரும்வரை யாரும் அடுப்படிக்குத் திரும்ப முடியாது. அடுத்த கிழமை அந்த வெட்கத்துக்குப் பயந்தே இன்னொரு கம்பனியில் கடன் எடுத்து இந்தக் கடனைக் கட்டுகிறார்கள். இரண்டு மூன்றாகிறது, மூன்று ஐந்தாகிறது.

2018 செப்டெம்பரில் இங்கு வந்த ஐக்கிய நாடுகள் நிபுணர் யுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, இப்படியான நுண்கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 வீதம் வரை போவதாகப் பதிவுசெய்தார். வசூலிக்க வருபவர்களால் பெண்கள் படும் தொல்லையையும் எடுத்துச் சொன்னார். அந்த ஆண்டே வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசு அறிவித்தது. திருகோணமலையும் அதில் ஒன்று. நல்ல காரியம்தான். ஆனால் பல இடங்களில் கடன்பட்டவருக்கு ஒரு கடன் தள்ளுபடியானாலும் மற்றவை அப்படியே நின்றன. 2021இல் ஹிங்குராக்கொடைப் பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததும் நுண்கடன் சுமையால்தான்.

தனியாள் வங்குரோத்துக்கு நம் நாட்டில் சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். 1853இல் வெள்ளைக்காரர் கொண்டுவந்த 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றம் ஏறி, சட்டத்தரணி வைத்து நடத்த வேண்டிய வழக்கு அது. கிழமைக் காசுக்கே வழியில்லாதவரால் அதை நடத்த முடியாது. ஏழைக்கும் எட்டக்கூடிய, செலவில்லாத, மானத்தைக் காக்கும் நடைமுறை ஒன்றைச் சட்டம் இயற்றுகிறவர்கள் தர வேண்டும். அதை நாம் உரக்கக் கேட்க வேண்டும்.

அதுவரை கையில் இருக்கும் வழிகளைச் சொல்கிறேன்.

முதலில் எல்லாக் கடனையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, யார் பிணை. கட்ட முடியாது என்று தெரிந்தவுடனேயே வங்கிக்கோ கம்பனிக்கோ எழுத்தில் அறிவித்து, தவணையை மாற்றித் தரும்படி கேளுங்கள். கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள். கடன் நிலுவை சிவில் விடயம். பொலிஸ் நிலையத்தில் தீர்க்கிற காரியம் அல்ல. காசோலை கொடுத்திருந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அது திரும்பினால் வழக்கு வேறு மாதிரிப் போகும். காணியை ஈடு வைத்தவர்களுக்கு 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கடன் இணக்க சபை உண்டு, பிந்தாமல் போங்கள். மத்திய வங்கியின் மேற்பார்வையில் உள்ள நிறுவனம் முறைகேடாக நடந்தால் 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம்.

அடுத்தது, ‘கிரிப்’. கொடுகடன் தகவல் பணியகத்தை அப்படித்தான் சொல்கிறோம். ‘கிரிப்பில் பேர் விழுந்துவிட்டது, இனிக் கதை முடிந்தது’ என்று பலர் நினைக்கிறார்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அந்தப் பணியகம் யாருக்கும் கடனை மறுப்பதில்லை. கட்டியதையும் கட்டாததையும் பதிந்து வைக்கிறது. தருவதா இல்லையா என்று தீர்மானிப்பது வங்கி. உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். எடுத்தால் வரி வரியாகப் பாருங்கள். பிணை நின்ற கடனும் அதில் இருக்கும். தீர்த்த கடன் தீராததாகக் கிடந்தால், கடன் தந்த நிறுவனத்தைக் கொண்டே திருத்துவியுங்கள். அதற்காகத்தான் ஒவ்வொரு கடன் முடியும்போதும் ‘தீர்ந்தது’ என்று கடிதம் வாங்க வேண்டும்.

வங்கியிடம் போன நம்பிக்கை ஒரே நாளில் வராது. சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சேமியுங்கள். இந்த நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு 1911இலேயே சட்டம் வந்தது. வட்டிக்காரரிடமிருந்து ஏழைகளைக் காப்பதே அவற்றின் நோக்கம். பிறகு, தேவை இருந்தால் மட்டும், தாங்கக்கூடிய சின்னக் கடன் ஒன்றை எடுத்து ஒரு தவணையும் தவறாமல் கட்டுங்கள். கொஞ்சக் காலத்துக்கு யாருக்கும் பிணை நிற்காதீர்கள். உறவு கோபித்தாலும் பரவாயில்லை.

மற்ற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கடன்பட்டவர் வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்காதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள். கடிதம் எழுதத் தெரியாத அயலவருக்கு அதை நீங்கள் எழுதிக் கொடுங்கள். கடன்பட்டிருக்கும் என் வாசகருக்கும் இதுதான் சொல்வேன்: ஒளியாதீர்கள், உயிரை மாய்க்க நினையாதீர்கள், முதல் கடிதத்தை இந்தக் கிழமையே எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்