நம் சேதியை எழுத நம் பிள்ளைகளைப் பழக்குவோம்



சாங்கி என்றதும் இன்று எல்லாருக்கும் ஆகாய விமான நிலையம்தான் ஞாபகத்துக்கு வரும். அது 1981-இல் திறந்தது. அதற்கு நாற்பத்தைந்து வருசம் முந்தியே, 1936-இல், அங்கே ஒரு சிறைச்சாலை எழும்பிவிட்டது. அந்தச் சாங்கிச் சிறையில் அடைபட்டுக் கிடந்தவர்களில் ஒரு பத்திரிகைக்காரரும் உண்டு. பெயர் சாயிட் சஹாரி. அவர் கதை நமக்கும் வேண்டிய கதை. அதனால்தான் இந்த வாரம் அதை எடுத்துக்கொண்டோம்.

'உத்துசான் மெலாயு' என்ற மலாய்ப் பத்திரிகையை 1939-இல் சிங்கப்பூரில் தொடங்கியவர் யூசோப் இஷாக். பின்னாளில் சிங்கப்பூரின் முதல் அதிபர் ஆனாரே, அவரேதான். பெரிய முதலாளி யாரும் பின்னால் இல்லை. டாக்சி ஓட்டுபவரும் கம்பத்து விவசாயியும் பங்கு வாங்கிப் போட்ட காசில் அந்தப் பத்திரிகை நின்றது. நாளடைவில் பங்குகள் அம்னோ கட்சிக்காரர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 1961-இல், பத்திரிகை கட்சிக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது, ஆசிரியர் சாயிட் சஹாரியும் ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று மாதம் தாக்குப் பிடித்தார்கள். கடைசியில் தோற்றார்கள். சஹாரி மலாயாவுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்று தடை வந்தது. 1963 பிப்ரவரி 2-ஆம் தேதி சிங்கப்பூரில் அவரைப் பிடித்தார்கள். கோர்ட்டு விசாரணை கிடையாது. வெளியே வந்தது 1979-இல். ஏறக்குறைய 17 வருசம்!

இதிலிருந்து நாம் இரண்டு விசயம் தெரிந்துகொள்கிறோம். ஒன்று, பத்திரிகைக்குப் போட்ட காசு யார் கைக்குப் போகிறதோ, பேனாவும் அவர் பக்கமே சாயும். இரண்டாவது, ஒருத்தரை உள்ளே போட்டால் ஒரு குரலே அடங்கிப்போகும் என்ற நிலைமை இருக்கக்கூடாது. ஒருத்தர் போனால் பத்துப் பேர் எழுத வேண்டும். அந்தப் பத்துப் பேர் வானத்திலிருந்து குதிப்பார்களா? பழக்கித்தான் எடுக்க வேண்டும்.

பால் வெட்டப் புதுசாக வந்தவனிடம் உளியைக் கொடுத்து, "போய் வெட்டு" என்று யாராவது அனுப்புவோமா? பழைய ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுப்பார். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் இல்லை. சேதி எழுதுவதும் அப்படித்தான். கூட்டி எழுதினால் எழுதியவனுக்கே ஆபத்து. குறைத்து எழுதினால் யாருக்கும் உறைக்காது. ஆனால், உளி பிடிக்கப் பழக்குகிற நாம், பேனா பிடிக்கப் பழக்குகிறோமா?

முன்பு பழக்கினார்கள். கோ. சாரங்கபாணி 1935 ஜூலையில் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' தொடங்கினார். விலை ஒரு காசு. சிங்கப்பூரோடு நில்லாமல் மலாயாத் தோட்டங்கள் வரைக்கும் அது வந்து சேர்ந்தது. 1950-களில் அவர் நடத்திய மாணவர் மணிமன்றத்தில் எழுதிப் பழகிய பிள்ளைகள் பலர் பிற்காலத்தில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் தலையெடுத்தார்கள். கோலாலம்பூர் 'தமிழ் நேச'னில் 1950-51-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பத்திரிகையையே பள்ளிக்கூடமாக்கி வாசகர்களைக் கதை எழுதப் பழக்கினார்கள். இலங்கையிலும் அப்படித்தான். 1960-களில் 'வீரகேசரி'யின் 'தோட்ட மஞ்சரி'ப் பகுதியைக் கவனித்த எஸ்.எம். கார்மேகம் மலைநாட்டு இளைஞர்களை எழுதத் தூண்டினார். சிறுகதைப் போட்டிகளில் தேறிய கதைகள் 1971-இல் 'கதைக்கனிகள்' என்று புத்தகமாகவே வந்தன. லயத்துப் பிள்ளை எழுதுவானா என்று கேட்டவர்களுக்கு அதுவே பதில்.

இப்போது நிலைமை என்ன? 1924-இல் பிறந்த 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றே போனது. ஒரு பத்திரிகை சாகும்போது அதோடு ஒரு பள்ளிக்கூடமும் மூடப்படுகிறது என்பதை நாம் யோசிப்பதில்லை.

பயிற்சியே இல்லாமல் போய்விட்டது என்று சொல்லவும் முடியாது. சிங்கப்பூரில் 2009-இல், தெமாசிக் அறக்கட்டளையும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆசிய நாட்டு நிருபர்களை அழைத்து, மூன்று மாதம் தங்கிப் படிக்கிற ஏற்பாடு செய்தன. நல்ல காரியம். ஆனால் அது ஏற்கெனவே நிருபராக இருப்பவருக்கு. நம் அஞ்சடி வரைக்கும் அப்படி ஒரு வகுப்பு வருமா?

வரும், நாமே நடத்தினால். வங்காளதேசத்துத் தொழிலாளிகளைப் பாருங்கள். நம் தோட்டங்களிலும் இன்று நமக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள்தானே? சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பக்கம் ரோவெல் ரோட்டில் ஏ.கே.எம். மோசின் என்பவர் 2006-இல் 'பங்ளார் கொந்தோ' என்று வங்காளிப் பத்திரிகை தொடங்கினார். 2011-இல் தொழிலாளிகள் கூடி எழுத, பாட, பேச ஒரு இடமும் திறந்தார். கட்டட வேலைக்கு வந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை அங்கே கவிஞன் ஆனான். 2014-இல் வெளிநாட்டுத் தொழிலாளர் கவிதைப் போட்டி தொடங்கியது. பின்னால் நம் தமிழ்த் தொழிலாளிகளும் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

நாம் சொல்வது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தண்ணீர் வராத குழாயும் ஆயாக் கொட்டகையின் குறையும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். மாதம் ஒரு தடவை அனுபவமுள்ள நிருபர் ஒருவர் வந்து உட்காரட்டும். பார்த்தது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்து எழுதச் சொல்லட்டும். சம்பளம் குறைந்தது என்றால் சம்பளச் சீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுத வேண்டும். ஆபீஸ் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். பதில் சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்று எழுத வேண்டும். பயந்தவர் பெயரைக் காப்பாற்ற வேண்டும். பத்திரிகை ஆபீசில் இருப்பவர்களும் நம் பிள்ளைகள் எழுதி அனுப்பியதைக் குப்பையில் போடாமல், சிவப்பு மையில் திருத்தி, ஏன் திருத்தினோம் என்று இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த இரண்டு வரிதான் வகுப்பு.

செலவுக்கு? தோட்ட நிர்வாகத்திடம் வேண்டாம். கட்சிக்காரரிடமும் வேண்டாம். தேர்தல் நேரத்தில் வருகிறவரிடம் வேண்டவே வேண்டாம். கை நீட்டினால் வாய் மூடிப்போகும். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, ஆளுக்கு ஒரு வெள்ளிதான் கேட்டார். பாட்டாளி மக்கள் கொடுத்தார்கள். இன்றும் குடும்பத்துக்கு மாதம் ஒரு வெள்ளி போதும். கணக்கைக் கோயில் வாசலில் எழுதி ஒட்டுங்கள். பணம் ஒரே கைக்குப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'உத்துசான்' கற்றுக்கொடுத்த பாடம் அது.

"நமக்கு எதுக்குங்க இந்த வம்பு? எழுதினா துரை கோவிச்சுக்குவாரு" என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. பொய் எழுதினால் கோபிக்கட்டும். தேதியும் சீட்டும் வைத்து எழுதிய உண்மைக்கு யார் கோபித்து என்ன செய்ய? ஒரே ஒருவர் எழுதினால்தான் வேலையை விட்டுத் தூக்குவது சுலபம். பத்துத் தோட்டத்தில் இருபது பேர் எழுதினால் எத்தனை பேரைத் தூக்குவார்கள்?

நம் சேதியை வேறு யாரோ வந்து எழுதட்டும் என்று காத்திருந்தது போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் தோட்டத்தில் அந்த இரண்டு பேர் யார் என்று முடிவு செய்யுங்கள்.