இழையும் இழைப்பும்

திருப்பூரில் ‘இழை’ என்றால் நூல். தச்சுப் பட்டறையில் அதுவே வினைச்சொல். மரத்தை இழைப்பது தச்சர் வழக்கு. நூலிழையால் உலகறிந்த ஊரில் இரண்டாவது இழைப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆயினும் நெசவு அதை நம்பியே நடந்தது. கைத்தறியில் ஊடைநூலைச் சுமந்தோடும் நாடா மரத்தால் ஆனது. அதன் பக்கத்தில் ஒரு சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தால் பாவுநூல் அறும். நெசவாளியின் ஒருநாள் உழைப்பு, தச்சர் விரலால் தடவிப் பார்த்த வழவழப்பைச் சார்ந்திருந்தது.

இன்று அவ்வழவழப்பைத் தர, மின்விசையால் இயங்கும் உப்புத்தாள் எந்திரம் வந்துவிட்டது. கதவு, கட்டில் போன்ற பரந்த பரப்புகளுக்கு அது வேண்டியதே. எனினும், கடைசி மெருகைக் கையால் சுரண்டும் எஃகுத் தகட்டிடம் விடவேண்டும் என்பது என் கருத்து.

பழைய ரம்பத்திலிருந்து வெட்டிய உள்ளங்கையளவுத் துண்டே இதற்குப் போதும். விளிம்பை அரத்தால் நேராக்கி, சாணைக்கல்லில் தேய்த்து, பின் கெட்டியான எஃகுக் கம்பியால் அழுத்தி இழுத்தால் ஓரத்தில் நுண்ணிய மடிப்பொன்று எழும். கண்ணுக்கு அது எளிதில் தென்படாது, விரல் உணரும். மரத்தை வெட்டுவது அந்த மடிப்புத்தான். தகட்டை இரு கைகளாலும் பற்றி, கட்டைவிரல்களால் சற்றே வளைத்து, முன்சாய்த்துத் தள்ளினால் மெல்லிய சுருள்கள் உதிரும். சுருள் நின்று தூள் விழத் தொடங்கினால் கூர் மழுங்கிவிட்டது என்று பொருள். நெடுநேரம் தள்ளினால் தகடு சூடேறிக் கட்டைவிரலைச் சுடுவதும் உண்டு! தகடு இல்லாதவிடத்து உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டும் தச்சர்களும் உளர். ரேகை மாறிமாறி ஓடும் மரத்தில் இழைப்புளி பிசிறு கிளப்பும். கூரிய தகடு பெரும்பாலும் கிளப்பாது. மென்மரங்களில் மட்டும் அது அத்துணைச் சிறப்பாக வேலை செய்வதில்லை.

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தோம். சிற்பத்துக்குக் காட்டும் மதிப்பில் ஒரு பங்கையேனும் நம் தெருவின் தச்சருக்குக் காட்டுகிறோமா?

என் வற்புறுத்தலுக்கு அழகு மட்டும் காரணம் அன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை, மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் பிரிவில் வைத்தது. மூக்கின் உட்பகுதியையும் அதைச் சூழ்ந்த எலும்பறைகளையும் அந்நோய் தாக்கும். பஞ்சுத் தூசியால் மூச்சுத்திணறும் ஆலைத் தொழிலாளரை அறிந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா. எந்திரம் எழுப்பும் நுண்தூள் காற்றில் மிதந்து நுரையீரல் தேடும். தகடு உதிர்க்கும் சுருளோ காலடியில் விழும், துடைப்பத்தால் கூட்டிவிடலாம். சிறு பட்டறைகளில் தூசி உறிஞ்சும் கருவியைக் காண்பது அரிது. பல இடங்களில் மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டுதான் காவல்.

கையால் மெருகிட நேரம் கூடும், கூலியும் கூடும். அக்கூலியைக் கேட்கத் தச்சர் தயங்குகிறார். கொடுக்க நாம் தயங்குகிறோம். ஒரு தையல் தப்பினாலும் ஆடையைத் தனியே ஒதுக்கிவைக்கத் தெரிந்த ஊர் நம்முடையது. மேசை வாங்கும்போதும் பலகையை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.